அவரவர் உடம்புக்கு ஏற்ற வைத்தியம்: முதுமையில் நலமாக வாழ வழி உண்டா?

"நூறாண்டு வாழ்க!" என்று பெரியவர்கள் வாழ்த்துவார்கள்.

கேட்பதற்கு இன்பமாகத்தான் இருக்கிறது. ஆனால், எப்படி வாழ்வது? கட்டிலில் படுத்தபடியே, பெற்ற பிள்ளையின் பெயரையும் மறந்து, நூறு வயது வரை இருப்பதை யார் விரும்புவார்கள்?

நீண்ட ஆயுள் வேறு. நலமான முதுமை வேறு.

ஒரே தெருவில் 75 வயதுக்காரர்கள் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் காலையில் தாமே நடந்து போய்க் காய்கறி வாங்கி வருவார். மற்றவர் எழுந்து உட்காருவதற்கே இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். இருவருக்கும் வயது ஒன்றுதான். உடம்பு வேறு.

அப்படியானால், இருவருக்கும் ஒரே யோசனை எப்படிப் பொருந்தும்?

இந்தக் கேள்வியைத்தான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள டாக்டர்கள் கேட்கிறார்கள். "எல்லோரும் நடங்கள். எல்லோரும் உப்பைக் குறையுங்கள்" என்று பொதுவாகச் சொல்வதோடு நிற்காமல், ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்து, அவருக்கு எது குறையோ அதைச் சரி செய்தால் என்ன?

இதற்கு, 'தனிநபர் வைத்தியம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பெயரைச் சொல்லிக் கடை விரித்தவர்களும் உண்டு. ஆண்டுக்கணக்கில் பொறுமையாகச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. எது கடைச் சரக்கு, எது சோதனையில் தேறியது என்று பிரித்துப் பார்ப்பது நல்லது.

ஆண்டுக்கு 20 லட்சம் டாலர்!

அமெரிக்காவில் பிரையன் ஜான்சன் என்று ஒரு பணக்காரர் இருக்கிறார். 1977-ம் ஆண்டு பிறந்தவர். கம்பெனி நடத்திப் பெரும் பணம் சேர்த்தார். அந்தப் பணத்தைக் கொண்டு, வயது ஏறாமல் தடுக்கப் பார்க்கிறார்.

ஆண்டுக்கு 20 லட்சம் டாலர் வரை செலவிட்டதாக அவரே சொன்னார். ஒவ்வோர் உறுப்பையும் அளந்து பார்க்கத் தனி டாக்டர்கள். எண்ணி எண்ணிச் சாப்பிட மாத்திரைகள். 2023-ம் ஆண்டு, தம் 17 வயது மகனின் ரத்தத்திலிருந்து பிரித்த நீரைக் கூடத் தம் உடம்பில் ஏற்றிக்கொண்டார்!

பலன் என்ன?

"பலன் எதுவும் தெரியவில்லை" என்று பிறகு அவரே அறிவித்தார்.

இளைஞர்களின் ரத்த நீரை ஏற்றினால் முதுமை நீங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று, அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2019-ம் ஆண்டிலேயே எச்சரித்திருந்தது.

ஒரே ஒருவர், ஒரே நேரத்தில் நூறு காரியம் செய்தால், எதனால் எது நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. அதற்குப் பல பேர் வேண்டும். அவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்படிச் செய்தார்கள், பின்லாந்து நாட்டில்.

பின்லாந்து காட்டிய வழி

பின்லாந்து, ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள குளிர் நாடு. அங்கே டாக்டர் மியா கிவிபெல்டோ என்ற பெண்மணியின் தலைமையில் ஒரு சோதனை நடந்தது.

60 முதல் 77 வயது வரை உள்ள 1,260 பேரை 2009 முதல் 2011-ம் ஆண்டு வரை சேர்த்தார்கள். இவர்களுக்கு அறிவு மங்கும் நோய் பிற்காலத்தில் வரக்கூடும் என்று கருத இடம் இருந்தது.

இவர்களில் ஒரு பிரிவினருக்குப் பொதுவான யோசனை மட்டும் சொன்னார்கள்.

இன்னொரு பிரிவினருக்கு நான்கு ஏற்பாடுகள். ஒன்று, ஆகார யோசனை. இரண்டு, தேகப்பயிற்சி. மூன்று, மூளைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி. நான்கு, ரத்தக் கொதிப்பு முதலியவற்றை அவ்வப்போது அளந்து கவனிப்பது.

தேகப்பயிற்சி எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. அவரவர் சக்தியைப் பார்த்து, அதற்குத் தக்கபடி வகுத்துக் கொடுத்தார்கள். ஆகார யோசனைக்கும் ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்துப் பேசினார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. அறிவுத் திறனைச் சோதித்தார்கள். இரு பிரிவினருமே முன்னேறியிருந்தார்கள். ஆனால், நான்கு ஏற்பாடும் பெற்றவர்களின் முன்னேற்றம், மற்றவர்களின் முன்னேற்றத்தைவிட 25 சதவிகிதம் அதிகமாக இருந்தது. இந்த முடிவு 2015-ம் ஆண்டு வெளியானது.

ஞாபக சக்தியை மட்டும் தனியாகப் பார்த்தபோது, இரு பிரிவினருக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. திட்டமிட்டு யோசிப்பதிலும், சுறுசுறுப்பாக யோசிப்பதிலும்தான் வித்தியாசம் தெரிந்தது.

உங்கள் குறை எது? நீங்களே சொல்லுங்கள்!

பின்லாந்துக்காரர்கள் எல்லோருக்கும் நான்கு ஏற்பாடுகளையும் கொடுத்தார்கள். அமெரிக்காவில் சில டாக்டர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். "ஒருவருக்கு எது குறையோ, அதை மட்டும் கவனிப்போம்" என்றார்கள்.

சான்பிரான்சிஸ்கோ நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் கிறிஸ்டின் யாஃபியும் அவருடைய தோழர்களும், வாஷிங்டன் மாநிலத்தில் 172 முதியவர்களைச் சேர்த்தார்கள். எல்லோரும் 70 முதல் 89 வயது வரை உள்ளவர்கள்.

எட்டுக் குறைகளை டாக்டர்கள் பட்டியல் போட்டார்கள்.

உடம்பை அசைக்காமல் இருப்பது, அடங்காத ரத்தக் கொதிப்பு, அடங்காத சர்க்கரை வியாதி, தூக்கக் குறைவு, மனச்சோர்வு, தனிமை, புகை பிடிப்பது, மூளையை மந்தப்படுத்தும் மருந்துகளைச் சாப்பிடுவது.

இந்த எட்டில், குறைந்தது இரண்டாவது உள்ளவர்களையே சோதனையில் சேர்த்தார்கள்.

ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, ஆரோக்கியத்தைப் பற்றிய கட்டுரைகளை மூன்று மாதத்திற்கு ஒரு முறை தபாலில் அனுப்பினார்கள். அவ்வளவுதான்.

மற்றவர்களுக்கு நர்சும், யோசனை சொல்பவரும் அமர்த்தப்பட்டார்கள். "உங்கள் குறைகள் இவை. இவற்றில் எதை முதலில் சரி செய்ய விரும்புகிறீர்கள்?" என்று கேட்டார்கள். முதியவர்களே ஒன்று முதல் மூன்று வரை தேர்ந்தெடுத்தார்கள்.

உதாரணமாக, ஒரு மூதாட்டிக்குத் தனிமையும் உண்டு; ரத்தக் கொதிப்பும் உண்டு என்று வைத்துக்கொள்வோம். "தினமும் ஒரு மணி நேரம் நடங்கள்" என்று அவரிடம் சொன்னால், அவர் நடக்க மாட்டார். "வாரத்தில் இரண்டு நாள் தோழி வீட்டுக்கு நடந்து போய் வாருங்கள்" என்றால் போவார். தனிமையும் குறையும், காலுக்கும் வேலை கிடைக்கும். இப்படித்தான் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு திட்டம் வகுத்தார்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை, "எப்படி நடக்கிறது?" என்று விசாரித்தார்கள்.

நடுவில் கொரோனா வந்தது. வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை. ஆயினும் விசாரிப்பதை நிறுத்தவில்லை. நேரில் பார்ப்பதற்குப் பதில், தூரத்தில் இருந்தே பேசினார்கள்.

ஒரு ரூபாயும், ஒரு ரூபாய் 74 காசும்

இரண்டு ஆண்டு முடிவில் அறிவுத் திறனைச் சோதித்தார்கள். 2023-ம் ஆண்டு முடிவு வெளியானது. தனி யோசனை பெற்றவர்களின் முன்னேற்றம், தபால் மட்டும் பெற்றவர்களின் முன்னேற்றத்தைவிட 74 சதவிகிதம் அதிகம்! அவர்களுடைய குறைகளும் குறைந்திருந்தன. வாழ்க்கையில் திருப்தியும் கூடியிருந்தது.

74 சதவிகிதம் என்றதும் மலைத்துவிட வேண்டாம். ஒருவருக்கு ஒரு ரூபாயும், இன்னொருவருக்கு ஒரு ரூபாய் 74 காசும் கிடைத்தது போன்ற வித்தியாசம் அது. இருவருமே லட்சாதிபதி ஆகிவிடவில்லை. அதோடு, 172 பேர் என்பது சிறிய தொகை. "அறிவு மங்கும் நோயையே தடுத்துவிட்டோம்" என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

இருந்தாலும், 80 வயதை எட்டும் நிலையில் உள்ளவர்களுக்குக் கூட, "இனி என்ன?" என்று கைவிட வேண்டியதில்லை என்பதை இந்தச் சோதனை காட்டியது.

மாத்திரையே குறையாகுமா?

பட்டியலில் எட்டாவதாக உள்ள குறையைக் கவனிக்க வேண்டும். குணமாவதற்காகச் சாப்பிடுகிற மருந்தே மூளையை மந்தப்படுத்துமா?

ஆம். சில தூக்க மாத்திரைகளும், தூக்கம் வரவழைக்கும் சில பழைய அலர்ஜி மாத்திரைகளும் முதியவர்களுக்குக் குழப்பத்தையும் தடுமாற்றத்தையும் உண்டாக்கும். இளைஞர்களுக்கு ஒத்துக்கொள்ளும் மருந்து, முதியவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். காரணம், வயதாக ஆக ஈரலும் சிறுநீரகமும் மருந்தை வெளியேற்றும் வேகம் குறைந்துவிடுகிறது.

ஆகவே, புதிதாக ஒரு மாத்திரையைச் சேர்ப்பது மட்டும் வைத்தியம் அல்ல. வேண்டாத மாத்திரையை டாக்டர் பார்த்து நிறுத்துவதும் வைத்தியம்தான்!

ஆனால், நாமாக எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. சில மருந்துகளைத் திடீரென்று விட்டால் ஆபத்து.

ஒருவருக்குப் பலன், இன்னொருவருக்கு இல்லை

ஒரே உதவி, ஆளுக்கு ஆள் எப்படி மாறுகிறது என்பதற்கு இன்னொரு சோதனை சாட்சி.

காது சரியாகக் கேட்காத 977 முதியவர்களை அமெரிக்க டாக்டர்கள் மூன்று ஆண்டு கவனித்தார்கள். பாதிப் பேருக்குக் காதில் வைக்கும் கருவி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஆரோக்கிய யோசனை மட்டும். 2023-ம் ஆண்டு முடிவு வந்தது.

மொத்தமாகப் பார்த்தால், அறிவுத் திறனில் வித்தியாசம் இல்லை.

ஆனால், அந்த 977 பேரில் இரண்டு வகையினர் இருந்தார்கள். ஒரு வகையினர் பொதுவாகத் திடமானவர்கள். இன்னொரு வகையினர், வயது கூடியவர்கள். வேறு குறைகளும் உள்ளவர்கள். இந்த இரண்டாவது வகையினரில், கருவி அணிந்தவர்களுக்கு அறிவு மங்கும் வேகம் 48 சதவிகிதம் குறைந்திருந்தது!

எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தால், "காதுக் கருவியால் அறிவுத் திறனுக்குப் பலன் இல்லை" என்று முடித்திருப்பார்கள். 'யாருக்கு?' என்று கேட்டதால்தான் உண்மை தெரிந்தது.

மரபணுவைப் பார்த்தால் தெரியுமா?

"அவரவர்க்கு எது ஏற்றது என்று கண்டுபிடிக்க, மரபணுவைப் பார்த்தால் போதுமே! எச்சிலைச் சோதித்தால், எதைச் சாப்பிடலாம் என்று சொல்லிவிடலாமே!" என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள்.

தாய் தந்தையரிடமிருந்து வரும் உடல் குறிப்புகளே மரபணுக்கள். அவற்றைப் படிக்க இன்று முடியும். ஆனால், அதைக் கொண்டு ஆகாரத்தை வகுக்க முடியுமா?

ஐரோப்பாவில் ஏழு நாடுகளில் 1,607 பேரை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பொதுவான ஆகார யோசனை. மற்றவர்களுக்குத் தனித்தனி யோசனை. அதிலும் சிலருக்கு, அவர்கள் சாப்பிடுவதை மட்டும் பார்த்து யோசனை. சிலருக்கு ரத்தப் பரிசோதனையும் சேர்த்து. சிலருக்கு மரபணுவையும் சேர்த்து.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தார்கள். தனி யோசனை பெற்றவர்கள் உப்பைக் குறைத்திருந்தார்கள்; மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியையும் குறைத்திருந்தார்கள். ஆனால், மரபணுவைச் சேர்த்ததால் கூடுதல் பலன் எதுவும் இல்லை! "நீங்கள் இதை அதிகம் சாப்பிடுகிறீர்கள்" என்று ஒருவர் தட்டைப் பார்த்துச் சொன்னதே போதுமானதாக இருந்தது.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகமும் 609 பேரை வைத்துச் சோதித்தது. பாதிப் பேர் கொழுப்பைக் குறைத்தார்கள். பாதிப் பேர் மாவுப் பொருளைக் குறைத்தார்கள். ஓர் ஆண்டில் ஒரு பிரிவினருக்குச் சராசரி 5.3 கிலோவும், இன்னொரு பிரிவினருக்கு 6 கிலோவும் எடை குறைந்தது. ஆனால், ஒவ்வொரு பிரிவிலும் ஏராளமாக இளைத்தவர்களும் உண்டு. முன்னைவிடப் பருத்தவர்களும் உண்டு! யாருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதை மரபணு முன்கூட்டிச் சொல்லவில்லை. இந்த முடிவு 2018-ம் ஆண்டு வெளியானது.

மரபணு உதவும் இடம்

அப்படியானால், மரபணுச் சோதனை வீணா?

அதுவும் இல்லை. மருந்து விஷயத்தில் அது உதவுகிறது.

கோடீன் என்று ஒரு வலி மருந்து உண்டு. அது உடம்புக்குள் போய், ஈரலில் வேறு பொருளாக மாறினால்தான் வலி தீரும். சிலருடைய ஈரல் அதை மாற்றுவதே இல்லை. அவர்களுக்கு வலி தீராது. சிலருடைய ஈரல் மிக வேகமாக மாற்றிவிடும். அவர்களுக்கு அதே அளவு மருந்து ஆபத்தாகலாம். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் மரபணு.

ஐரோப்பாவில் ஏழு நாடுகளில், 6,944 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு 12 மரபணுக்களைப் பார்த்து மருந்தின் அளவை முடிவு செய்தார்கள். அந்தப் பிரிவினருக்கு மருந்தினால் வரும் கெடுதல்கள் 30 சதவிகிதம் குறைந்தன. இது 2023-ம் ஆண்டு வெளியான செய்தி.

முதியவர்கள் பல மருந்துகளைச் சாப்பிட நேர்கிறது. ஆகவே, அவர்களுக்கு இது முக்கியமான செய்தி. என்ன சாப்பிடுவது என்று கேட்டால் மரபணு இன்னும் சரியாகப் பதில் சொல்லவில்லை. சில மருந்துகள் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டால் பதில் சொல்கிறது.

38 கூட்டமும் 6 கூட்டமும்

2025-ம் ஆண்டு ஜூலை மாதம், கனடா நாட்டின் டொரன்டோ நகரில் ஒரு மாநாடு நடந்தது. அதில் ஒரு பெரிய சோதனையின் முடிவை அறிவித்தார்கள். பின்லாந்தில் செய்ததை அமெரிக்காவில் செய்து பார்த்த சோதனை அது. 60 முதல் 79 வயது வரை உள்ள 2,111 பேர் கலந்துகொண்டார்கள்.

இரு பிரிவினருக்கும் நல்ல ஆகாரம், தேகப்பயிற்சி, மூளைப் பயிற்சி ஆகியவற்றைப் பற்றிச் சொன்னார்கள். ஒரு பிரிவினருக்கு இரண்டு ஆண்டில் 38 கூட்டங்கள். என்ன செய்ய வேண்டும் என்று திட்டமான கணக்கு. இன்னொரு பிரிவினருக்கு 6 கூட்டங்கள்தான். "உங்களுக்கு வசதியானதை நீங்களே தேர்ந்தெடுத்துச் செய்யுங்கள்" என்று விட்டுவிட்டார்கள்.

முடிவு?

இரு பிரிவினருமே முன்னேறினார்கள். 38 கூட்டத்துக்குப் போனவர்கள் சற்று அதிகமாக முன்னேறினார்கள். வித்தியாசம் உண்டு, ஆனால், சிறியது. ஒன்றுமே செய்யாத மூன்றாவது பிரிவு இந்தச் சோதனையில் இல்லை. ஆகவே, முன்னேற்றத்தில் எவ்வளவு பங்கு இந்த ஏற்பாடுகளால் வந்தது என்று அளந்து சொல்ல முடியாது.

ஒரு சோதனையில், "நீங்களே தேர்ந்தெடுங்கள்" என்றது பலன் தந்தது. இன்னொன்றில், கணக்காகச் செய்யச் சொன்னது கொஞ்சம் கூடுதல் பலன் தந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்லவா?

முரண் இல்லை. பின்லாந்து, வாஷிங்டன், பிறகு நடந்த இந்தப் பெரிய சோதனை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரிகிறது. காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்களிடம் பலன் குறைவு. "நடந்தீர்களா? ரத்தக் கொதிப்பு எவ்வளவு இருக்கிறது? தூக்கம் வருகிறதா?" என்று திரும்பத் திரும்ப ஆள் வைத்து விசாரித்த இடத்தில் பலன் அதிகம்.

விசாரிப்பதற்கு யார் பணம் கொடுப்பது?

இங்கேதான் சிக்கல் வருகிறது.

மாத்திரை விற்றால் கம்பெனிக்கு லாபம். எச்சில் சோதனைப் பெட்டி விற்றாலும் லாபம். ஆனால், ஒரு நர்சு ஒரு மூதாட்டியோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால், யாருக்கு லாபம்? சம்பளச் செலவுதான் மிச்சம்! ஆகவேதான், பலன் உறுதியாகாத பொருளுக்கு விளம்பரம் பலமாக இருக்கிறது. பலன் தெரிந்த வேலைக்கு விளம்பரமே இல்லை.

இந்தச் செலவை அரசோ, பொது நிறுவனமோ ஏற்றால்தான், ஏழைக்கும் தனிநபர் வைத்தியம் கிடைக்கும். இல்லாவிட்டால், 20 லட்சம் டாலர் உள்ளவருக்கு ஒரு முதுமை, இல்லாதவருக்கு ஒரு முதுமை என்று ஆகிவிடும்.

பொதுவான யோசனைகளைத் தள்ளிவிடவும் கூடாது. இதே பின்லாந்தில், வட கரேலியா என்ற பகுதியில் மாரடைப்பால் ஏராளமான ஆண்கள் இறந்தார்கள். 1972-ம் ஆண்டு முதல் வெண்ணெயையும் உப்பையும் புகையையும் குறைக்கும்படி ஊர் முழுவதற்கும் எடுத்துச் சொன்னார்கள். சில பத்தாண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களிடையே இதய நோய்ச் சாவு 80 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்தது. ஊருக்குச் சொல்வதும் வேண்டும். ஆளைப் பார்த்துச் சொல்வதும் வேண்டும்.

அறிவு மங்கும் நோயைப் பற்றி ஆராய்ந்த உலக நிபுணர் குழு ஒன்று, 2024-ம் ஆண்டு 14 காரணங்களை எடுத்துச் சொன்னது. அத்தனையையும் நீக்க முடிந்தால், அந்த நோயில் ஏறக்குறைய 45 சதவிகிதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணக்கிட்டது. ஆனால், ஒருவருக்கே 14 குறைகளும் இருப்பது அபூர்வம். ஒருவருக்கு இரண்டு இருக்கும். இன்னொருவருக்கு மூன்று இருக்கும். அவை எவை என்று தெரிந்துகொள்வதே முதல் வேலை.

வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள்

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், குடும்பத்தினர் இவற்றைக் கேட்டுக் குறித்து வைக்கலாம்:

ரத்தக் கொதிப்பை எப்போது அளந்தோம்? எவ்வளவு இருந்தது?

சர்க்கரை அடங்கி இருக்கிறதா?

காது கேட்கிறதா? கண் தெரிகிறதா?

இரவில் தூக்கம் வருகிறதா?

ஒரு நாளில் எவ்வளவு நேரம் நடக்கிறார்?

புகை பிடிக்கிறாரா?

மனம் சோர்ந்து இருக்கிறாரா? பேச்சுத் துணைக்கு யார் இருக்கிறார்கள்?

என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? எதற்காக? எத்தனை காலமாக?

எட்டுக் கேள்விகள்தான். விடை வீட்டுக்கு வீடு மாறும். ஒரே வீட்டில் தாத்தாவுக்கு ஒரு விடை வரும். பாட்டிக்கு வேறு விடை வரும். விடைகளை எழுதி எடுத்துக்கொண்டு, மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, டாக்டரிடம் போக வேண்டும். "இவற்றில் முதலில் சரி செய்ய வேண்டியது எது?" என்று கேட்க வேண்டும். பெரியவரின் விருப்பத்தையும் கேட்க வேண்டும்.

ஒன்றோ இரண்டோ போதும். அதைத் தொடங்கிய பிறகு, அடுத்த மாதமும் அதற்கு அடுத்த மாதமும், "எப்படி நடக்கிறது?" என்று மறக்காமல் விசாரிக்க வேண்டும்.